கிறிஸ்தவத்தின் தொடக்கம்: ஏடுகளும் அகழாய்வுகளும் காட்டுவது எவ்வளவு?

கிறிஸ்தவ சமயம் முதல் நூற்றாண்டில் பாலஸ்தீனத்தில் இயேசு என்ற ஒருவரைச் சுற்றித் தோன்றியது என்பதற்கு விவிலியத்துக்கு வெளியே சான்று உண்டா, அல்லது அது முழுவதும் பிற்காலத்தில் புனைந்த கதையா என்பது கேள்வி. சான்று உண்டு என்பதே என் விடை. ஆனால் அது எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இயேசுவின் காலத்திலேயே உருவாகி, அவர் பெயரை ஐயமின்றிச் சுட்டும் பொருள் ஒன்றுகூட இதுவரை மண்ணிலிருந்து கிடைக்கவில்லை. கிறிஸ்தவர்களுடையவை என்று உறுதியாகச் சொல்லத்தக்க கல்வெட்டுகளும் ஓவியங்களும் கட்டடங்களும் ஏறக்குறைய கி.பி. 180-க்குப் பிறகுதான் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகின்றன. இடையிலுள்ள ஒன்றரை நூற்றாண்டைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி ஏடுகளிலிருந்து வந்தது. அந்த ஏடுகள் விவரிக்கும் உலகம் மெய்யானதா என்று சோதித்துப் பார்க்கத் தொல்லியல் உதவுகிறது.

இந்த இடைவெளியைக் கண்டு வியப்படையத் தேவையில்லை. தொடக்ககாலக் கிறிஸ்தவர்கள் கோயில் கட்டவில்லை, நாணயம் அடிக்கவில்லை, தனி இடுகாடு வைத்துக்கொள்ளவில்லை. யாராவது ஒருவரின் வீட்டில் கூடி, மற்றவர்கள் பயன்படுத்திய அதே மண்பாண்டங்களில் உண்டு, மற்றவர்களைப் போலவே புதைக்கப்பட்டார்கள். அத்தகைய ஒரு வீட்டை இன்று தோண்டி எடுத்தாலும் அங்கே கூடியவர்கள் யாரை வணங்கினார்கள் என்று சொல்ல முடியாது.

ஆகவே கிறிஸ்தவம் பற்றிய மிகப் பழைய சான்றாகக் கடிதங்களையே கொள்ள வேண்டும். கிறிஸ்தவத்தை முதலில் எதிர்த்து, பின்னர் மனம் மாறி அதைப் பரப்பியவர் பவுல். புதிய ஏற்பாட்டில் அவர் பெயரில் உள்ள 13 கடிதங்களுள் உரோமையர், கொரிந்தியர் (இரண்டு), கலாத்தியர், பிலிப்பியர், முதலாம் தெசலோனிக்கேயர், பிலேமோன் ஆகிய ஏழும் அவர் எழுதியவையே என்பதில், சமய நம்பிக்கை உள்ள ஆய்வாளர்களும் இல்லாதவர்களும் ஏறக்குறைய ஒத்த கருத்தினர். அவை கி.பி. 50-க்கும் 60-க்கும் இடைப்பட்ட காலத்தவை. நற்செய்தி நூல்களுக்கும் முற்பட்டவை. கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில், தாம் மனம் மாறி மூன்று ஆண்டுகள் கழித்து எருசலேம் சென்று இயேசுவின் முதன்மைச் சீடர் பேதுருவுடன் பதினைந்து நாள் தங்கியதாகவும், அப்போது ஆண்டவரின் சகோதரரான யாக்கோபைச் சந்தித்ததாகவும் பவுல் குறிப்பிடுகிறார். அந்தக் கடிதம் இயேசுவின் வரலாற்றை எழுதி வைக்கும் நோக்கில் எழுந்ததன்று. எருசலேம் தலைவர்களோடு தமக்கிருந்த பிணக்கின் நடுவே, தாம் அவர்களுக்குக் கடன்பட்டவர் அல்லர் என்று நிறுவும் அவசரத்தில், அவர்களை எத்தனை முறை சந்தித்தார் என்பதைக் கணக்குச் சொல்லும் இடத்தில் போகிற போக்கில் வரும் செய்தி அது. இல்லாத ஒரு மனிதருக்குச் சகோதரரை உண்டாக்கி, அந்தச் சகோதரரோடு தமக்குக் கருத்து வேறுபாடு என்றும் எழுதுவதால் பவுலுக்கு எந்த ஆதாயமும் இல்லை. இயேசுவே கற்பனைப் பாத்திரம் என்போர் இந்த ஓரிடத்தை விளக்க எடுத்துக்கொள்ளும் சிரமத்தைப் பார்த்தாலே அதன் வலு தெரியும்.

பவுலின் காலக்கணக்கு நமக்கு எப்படித் தெரியும் என்ற இடத்தில்தான் கல்வெட்டு உதவிக்கு வருகிறது. கிரேக்க நாட்டு டெல்ஃபியில் கிடைத்த சில கல் துண்டுகள் 1905-இல் வெளியிடப்பட்டன. பேரரசர் கிளாடியஸ் அனுப்பிய கடிதத்தின் பகுதி அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளது. அதில் அகாயா மாகாண ஆளுநராகக் கல்லியோவின் பெயர் வருகிறது. படையினர் கிளாடியஸை 26ஆம் முறை வெற்றி வாழ்த்துக் கூறிச் சிறப்பித்த பின் எழுதப்பட்டது என்ற குறிப்பும் இருக்கிறது. 27ஆம் வாழ்த்து 52 ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் நிகழ்ந்துவிட்டது என்பது வேறு கல்வெட்டாலும் நூற்குறிப்பாலும் தெரிவதால், கல்லியோ கொரிந்தில் இருந்தது 51-52 வாக்கில் என்று முடிவு செய்யலாம். அப்போஸ்தலர் நடபடிகள் நூல் பவுலை இதே கல்லியோவின் நீதி இருக்கையின் முன் நிறுத்துகிறது. முதல் நூற்றாண்டுக் கிறிஸ்தவ வரலாற்றில் ஏறக்குறைய ஓராண்டுத் துல்லியத்துடன் நிலைநிறுத்தத்தக்க நிகழ்ச்சி இதைப் போல் வேறொன்று இல்லை. இங்கிருந்து கலாத்தியர் கடிதம் எருசலேமுக்கான முதல் பயணத்துக்குச் சொல்லும் மூன்று ஆண்டு, அடுத்த பயணத்துக்குச் சொல்லும் பதினான்கு ஆண்டுக் கணக்குகளைப் பின்னோக்கி எண்ணினால் பவுலின் மனமாற்றம் 30-களின் நடுவில் வந்து நிற்கிறது. தமஸ்குவில் அரேத்தா மன்னனின் அதிகாரியிடமிருந்து கூடையில் இறங்கித் தப்பியதாக அவர் சொல்வதும் இதற்குப் பொருந்துகிறது. நபத்தேய மன்னன் நான்காம் அரேத்தா கி.பி. 40 அளவில் இறந்தான். ஆக, இயேசு சிலுவையில் இறந்ததாகக் கொள்ளப்படும் 30 அல்லது 33ஆம் ஆண்டிலிருந்து சில ஆண்டுகளுக்குள்ளேயே அவரை உயிர்த்தெழுந்தவர் என்று அறிக்கையிட்ட ஒரு குழு எருசலேமிலும் தமஸ்குவிலும் இருந்தது. பின்னர் பல தலைமுறைகள் கழித்து எழுந்த புராணம் என்ற வாதத்துக்கு இந்தக் கால அளவு இடம் தருவதில்லை.

நற்செய்தி நூல்களை இதே உறுதியோடு கையாள முடியாது. அவை ஏறக்குறைய கி.பி. 70-க்கும் 100-க்கும் இடையில் எழுதப்பட்டவை என்பது பெரும்பான்மையோர் கருத்து. அவற்றில் வரலாற்றோடு முரண்படும் இடங்களும் உண்டு. இயேசு ஏரோது மன்னனின் நாளில் பிறந்தார் என்கிறது மத்தேயு. ஏரோது இறந்தது கி.மு. 4-இல். சிரியாவின் ஆளுநர் குவிரினியு நடத்திய குடிக்கணக்கின்போது பிறந்தார் என்கிறது லூக்கா. அந்தக் கணக்கெடுப்பு நடந்தது கி.பி. 6-இல் என்பது யூத வரலாற்றாசிரியர் யோசேபஸின் எழுத்தால் தெரிகிறது. இந்தப் பத்தாண்டு இடைவெளியை இணைக்கச் சொல்லப்பட்ட சமாதானங்கள் எவையும் என்னை நிறைவு செய்யவில்லை. பிறப்புக் கதைகளை வரலாற்று ஆவணமாகப் பயன்படுத்துவதில் ஆய்வாளர்கள் தயங்குவதற்கு இது ஒன்றே போதும்.

கிறிஸ்தவரல்லாதார் எழுதியவற்றுள் அதிகம் விவாதிக்கப்படுபவர் யோசேபஸ். கி.பி. 37-இல் எருசலேமில் குருமரபில் பிறந்து, உரோமுக்கு எதிரான போரில் கலிலேயாவில் படை நடத்திப் பிடிபட்டு, பின்னர் உரோமிலேயே வாழ்ந்தவர். 93-94 அளவில் முடித்த யூதர் தொன்மை வரலாற்றில் இயேசுவை இரண்டு இடங்களில் குறிப்பிடுகிறார். பதினெட்டாம் புத்தகத்தில் வரும் பத்தி, இப்போது நம் கையில் உள்ள வடிவில், அவரே மெசியா (யூதர் எதிர்பார்த்த மீட்பர்) என்றும் மூன்றாம் நாள் உயிரோடு தோன்றினார் என்றும் சொல்கிறது. இறுதிவரை யூதராகவே இருந்த ஒருவர் இப்படி எழுதியிருக்க இயலாது. யோசேபஸ் இயேசுவை மெசியாவாக ஏற்காதவர் என்று மூன்றாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ அறிஞர் ஒரிகன் தெளிவாகவே எழுதியிருக்கிறார். ஆக இங்கே இடைச்செருகல் உண்டு என்பதில் ஐயமில்லை. முழுப் பத்தியும் செருகலா, அல்லது யோசேபஸ் எழுதிய சில வரிகளின்மேல் பின்னால் ஏடெழுதியவர்கள் கை வைத்தார்களா என்பதே விவாதம். பழம்பாடல்களின் இடைச்செருகல் வழக்குகளை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த வகை ஆராய்ச்சி புதிதன்று. நடையும் சொல்லாட்சியும் ஓரளவு அவருடையவையாகவே இருப்பதால், ஒரு சிறு மூலக் குறிப்பு இருந்தது என்ற பெரும்பான்மைக் கருத்தையே நானும் ஏற்கிறேன். ஆனால் இதன்மேல் பெரிய கட்டடம் எழுப்ப மாட்டேன்.

இருபதாம் புத்தகத்தில் உள்ள இரண்டாவது குறிப்பு சிறியது, ஆனால் உறுதியானது. கி.பி. 62-இல் ஆளுநர் பெஸ்து இறந்து, அடுத்தவர் அல்பினு வந்து சேரும் முன், தலைமைக் குரு அனனு அவசரமாக மன்றத்தைக் கூட்டிச் சிலரைக் கல்லெறிந்து கொல்ல வைத்தார். அவர்களுள் ஒருவர் 'கிறிஸ்து எனப்படும் இயேசுவின் சகோதரர்' யாக்கோபு. நகரத்தில் சட்டத்தை மதித்தோர் இதை எதிர்த்து முறையிட, அனனு மூன்றே மாதத்தில் பதவி இழந்தார். யோசேபஸ் சொல்ல வந்தது அனனுவின் கதையை. யாக்கோபு எந்த யாக்கோபு என்று அடையாளம் காட்டவே இயேசுவின் பெயர் வருகிறது. செருக நினைத்த கிறிஸ்தவர் ஒருவர் இவ்வளவு வறட்சியாக எழுதியிருப்பார் என்று நம்ப இயலவில்லை. மேலே சொன்ன பவுலின் கடிதமும் இதே யாக்கோபைத்தான் இயேசுவின் சகோதரர் என்கிறது. ஒருவரையொருவர் அறியாத இரண்டு எழுத்தாளர்கள் ஒரே மனிதரைப் பற்றிச் சொல்லும் இந்த ஒற்றுமைதான் இயேசுவின் வரலாற்று இருப்புக்கு மிக வலுவான சான்று என்பது என் கணிப்பு.

உரோமானியர்களுள் டாசிட்டஸ் 116 வாக்கில் எழுதிய ஆண்டுக் குறிப்புகள் முக்கியமானவை. 64-இல் உரோம் நகரம் பற்றி எரிந்தபோது, பழியை நீரோ மன்னன் கிறிஸ்தவர்கள்மேல் சுமத்தினான் என்று எழுதும் அவர், அவர்களுக்குப் பெயர் கொடுத்த கிறிஸ்து என்பவர் திபேரியஸ் ஆட்சியில் ஆளுநர் பொந்தியு பிலாத்துவால் மரண தண்டனை பெற்றவர் என்றும், அப்போதைக்கு அடங்கிய அந்த மூடநம்பிக்கை யூதேயாவில் மட்டுமன்றி உரோமிலும் மீண்டும் வெடித்தது என்றும் சேர்க்கிறார். கிறிஸ்தவர்கள்மேல் அவருக்கு இருந்த வெறுப்பு வரிக்கு வரி தெரிவதால் இதை இடைச்செருகல் என்று தள்ளுவது கடினம். அவர் இதை அரசு ஆவணத்திலிருந்து எடுத்தாரா, கிறிஸ்தவர்களிடமிருந்தே கேட்டறிந்தாரா என்பது தனிக் கேள்வி. பிலாத்துவின் பதவிப் பெயரை அவர் தம் காலத்து வழக்கப்படி எழுதியிருப்பதால், பழைய ஆவணத்தைப் பார்த்து எழுதியதாகத் தோன்றவில்லை.

இவருக்குச் சில ஆண்டுகள் முன்பு, 112 அளவில், இன்றைய வடதுருக்கியில் இருந்த பித்தினியா-பொந்து மாகாணத்தின் ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதம் தொடக்ககாலக் கிறிஸ்தவர்களின் அன்றாட வாழ்க்கைக்குள் எட்டிப் பார்க்கும் சாளரம். அவர்கள் குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகக் கருதிப் பாடுகிறார்கள். திருடுவதில்லை, விபசாரம் செய்வதில்லை, சொன்ன சொல் தவறுவதில்லை என்று உறுதி ஏற்கிறார்கள். பிறகு சாதாரண உணவைச் சேர்ந்து உண்கிறார்கள். இதற்குமேல் ஏதாவது மறைந்திருக்கிறதா என்று அறிய, அந்தக் கூட்டத்தில் ஊழியப் பொறுப்பு வகித்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததாகவும், ஒன்றும் கிடைக்கவில்லை என்றும் பிளினி எழுதுகிறார். அந்தப் பெண்களின் பெயரை அவர் குறிக்கவில்லை. விசாரிக்கப்பட்டவர்களில் சிலர் இருபது ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சமயத்தை விட்டுவிட்டதாகச் சொன்னார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கருங்கடல் கரையோர ஊர்களில் 90-களின் தொடக்கத்திலேயே கிறிஸ்தவர்கள் இருந்ததோடு, சேர்ந்து சலித்து விலகியவர்களும் இருந்திருக்கிறார்கள்.

இனி மண்ணிலிருந்து கிடைத்தவை. 1961-இல் இத்தாலிய அகழாய்வுக் குழு ஒன்று கடலோரச் செசரியாவின் நாடக அரங்கைத் தோண்டியபோது, பழுதுபார்க்கும் வேலைக்காகப் பின்னாளில் படிக்கட்டில் பதிக்கப்பட்டிருந்த சுண்ணாம்புக் கல் ஒன்றில் இலத்தீன் எழுத்துகளைக் கண்டது. சுமார் 82-க்கு 65 செ.மீ. அளவுள்ள அந்தக் கல்லின் இடப்பக்கம் சிதைந்திருந்தாலும், யூதேயாவின் ஆளுநர் பிலாத்து திபேரியஸ் மன்னனின் பெயரால் ஒரு கட்டடத்தை எழுப்பினார் என்பது தெளிவாகப் படிக்கக் கிடைக்கிறது. அதற்கு முன் பிலாத்துவை நாம் அறிந்தது நூல்களாலும், அவர் ஆண்ட காலத்தில் அடிக்கப்பட்ட, அவர் பெயர் பொறிக்காத சிறு செப்புக் காசுகளாலும் மட்டுமே. ஒரு மாகாணத்தைப் பத்தாண்டு (26-36) ஆண்ட அதிகாரிக்கே ஐயமற்ற கல்வெட்டு ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது என்றால், அவர் தண்டித்த கலிலேயச் சிற்றூர்க்காரருக்குக் கல்வெட்டு இல்லாததில் என்ன வியப்பு?

1990-இல் எருசலேமின் தென்பகுதியில் கட்டுமான வேலையின்போது ஒரு குடும்பக் கல்லறை வெளிப்பட்டது. அக்காலத்து எருசலேம் யூதர்கள் உடலை முதலில் குகையில் கிடத்தி, ஓராண்டளவில் எலும்புகளைப் பொறுக்கிச் சிறு கல்பெட்டியில் சேர்ப்பார்கள். அத்தகைய பெட்டிகளுள் வேலைப்பாடு மிக்க ஒன்றில் 'கயபாவின் மகன் யோசேப்பு' என்று படிக்கத்தக்க கீறல் எழுத்துகள் இருந்தன. உள்ளே இருந்த எலும்புகளுள் ஏறக்குறைய அறுபது வயது ஆண் ஒருவருடையவையும் உண்டு. இயேசுவை விசாரித்ததாக நற்செய்திகள் சொல்லும் தலைமைக் குருவின் முழுப்பெயரும் கயபா யோசேப்பு என்றே யோசேபஸ் எழுதுகிறார். எழுத்தை வேறுவிதமாகப் படிப்பவர்களும் உண்டு. எனக்கு இது அவருடைய குடும்பத்தின் கல்லறையாக இருக்க வாய்ப்பு அதிகம் என்றே படுகிறது.

இவற்றையெல்லாம்விட உலுக்கும் பொருள் ஒரு குதிகால் எலும்பு. 1968-இல் எருசலேமின் வடகிழக்கே கிவாத் ஹமிவ்தார் என்ற இடத்தில், யெஹோஹனான் என்ற பெயர் கீறிய எலும்புப் பெட்டியில் அது கிடைத்தது. பக்கவாட்டில் 11.5 செ.மீ. நீள ஆணி அறையப்பட்டிருந்தது. ஆணியின் நுனி வளைந்துவிட்டதால் உறவினர்களால் அதைப் பிடுங்க முடியாமல் எலும்போடு சேர்த்தே புதைத்திருக்கிறார்கள். உரோமப் பேரரசு ஆயிரக்கணக்கானோரைச் சிலுவையில் அறைந்ததாக நூல்கள் சொல்லியும், உடற்சான்றாகக் கிடைத்தவை விரல்விட்டு எண்ணத்தக்கவையே. 2017-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷைர் பகுதியில் கிடைத்த எலும்புக்கூடு அவற்றுள் இன்னொன்று. யெஹோஹனான் எலும்பின் முக்கியத்துவம் வேறு. சிலுவையில் இறந்தவர்களின் உடல் எப்போதும் நாய்க்கும் கழுகுக்கும் விடப்பட்டது, ஆகவே இயேசுவின் அடக்கம் பற்றிய செய்தி நடக்கவியலாதது என்று வாதிட்டவர்கள் உண்டு. முதல் நூற்றாண்டு எருசலேமில் குறைந்தது ஒருவருடைய உடலாவது குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டு, முறைப்படி புதைக்கப்பட்டிருக்கிறது. அது வழக்கமா விதிவிலக்கா என்பதை ஒற்றை எலும்பு சொல்லாது.

கலிலேயாவைப் பற்றிய நம் அறிவு கடந்த அரை நூற்றாண்டில் பெருகியிருக்கிறது. இயேசுவின் ஊராகச் சொல்லப்படும் நாசரேத்தே முதல் நூற்றாண்டில் இல்லை என்ற வாதம் ஒரு காலத்தில் இணையத்தில் பெரிதாகச் சுற்றியது. 2009-இல் அங்குள்ள மங்கள வார்த்தை ஆலயத்தின் அருகே உரோமர் காலத் தொடக்கத்தைச் சேர்ந்த எளிய வீடு ஒன்று தோண்டியெடுக்கப்பட்டது. ஊர் இருந்தது, மிகச் சிறிதாக இருந்தது. அதே ஆண்டில் மகதலாவில் விடுதி கட்டுவதற்கு முன் நடந்த ஆய்வில், 70-இல் எருசலேம் கோயில் அழியும் முன்பே பயன்பாட்டில் இருந்த தொழுகைக்கூடம் ஒன்று வெளிப்பட்டது. அதன் நடுவே, எருசலேம் கோயிலின் ஏழு கிளை விளக்கைச் செதுக்கிய கல்லும் கிடைத்தது. இயேசு கலிலேயத் தொழுகைக்கூடங்களில் போதித்தார் என்ற செய்தி காலத்தோடு ஒட்டாதது என்று சந்தேகித்தவர்கள் இதன்பின் தம் வாதத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. 1986-இல் கடும் வறட்சியால் கலிலேயக் கடலின் நீர்மட்டம் தாழ்ந்தபோது சேற்றிலிருந்து வெளிவந்த மீன்பிடி படகு எட்டு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளமுடையது. கரிமக் கணிப்பும் அருகே கிடைத்த பானைகளும் அதை முதல் நூற்றாண்டை ஒட்டி வைக்கின்றன. சுற்றுலா வழிகாட்டிகள் அதை இயேசுவின் படகு என்பது வெறும் வியாபாரம். ஒட்டுப்பலகைகளால் திரும்பத் திரும்பச் செப்பனிட்ட அந்த ஏழைப் படகு, அந்தக் கடற்கரையில் பிழைத்த மீனவர்களின் கைநிலையைக் காட்டுகிறது.

கப்பர்நகூமின் 'பேதுருவின் வீடு' இடைநிலையில் நிற்பது. 1968-இல் தொடங்கிப் பிரான்சிஸ்கன் துறவியர் நடத்திய அகழாய்வில், ஐந்தாம் நூற்றாண்டு எண்கோண ஆலயத்தின் அடியில் சாதாரணக் கருங்கல் வீடு ஒன்று கிடைத்தது. அதன் ஓர் அறை மட்டும் பிற வீடுகளில் இல்லாதபடி சுண்ணம் பூசப்பட்டு, பின்னாளில் யாத்திரிகர் கீறிய எழுத்துகளோடு, தனிக் கவனம் பெற்றிருந்தது. அந்த அறையைக் கிறிஸ்தவர்கள் மிகப் பழங்காலத்திலேயே போற்றத் தொடங்கினார்கள் என்பது வரை ஏற்கலாம். அது பேதுருவுடையதுதான் என்பது மரபு. எருசலேமில் யோவான் நற்செய்தி சொல்லும் பெதஸ்தா, சீலோவாம் குளங்கள் இரண்டும் கண்டறியப்பட்டுள்ளன. சீலோவாம் குளத்தின் படிகள் 2004-இல் கழிவுநீர்க் குழாய் பழுதுபார்க்கும்போது வெளிப்பட்டவை.

சாக்கடல் சுருள்களைப் பற்றிப் பலர் கேட்பதால் ஒரு சொல்: 1947 முதல் கும்ரான் குகைகளில் கிடைத்த அந்தப் பழைய யூதச் சுருள்களில் இயேசுவோ திருமுழுக்கு யோவானோ எந்தக் கிறிஸ்தவரோ இல்லை. மெசியாவின் காலத்தில் குருடர் பார்வை பெறுவர், இறந்தோர் எழுவர், ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிக்கப்படும் என்று ஒரு துண்டுச் சுருள் அடுக்குவது லூக்கா நற்செய்தியின் ஓரிடத்தோடு நெருங்கி ஒலிக்கிறது. இரண்டுக்கும் பொதுவான யூத எதிர்பார்ப்பு ஒன்று இருந்தது என்பதற்கு அது சான்று.

செய்தித்தாள்களில் பெரிதாக வரும் கண்டுபிடிப்புகளே சான்றுவகையில் மிக நலிந்தவையாக இருப்பது இத்துறையின் சாபக்கேடு. 'யோசேப்பின் மகன், இயேசுவின் சகோதரன் யாக்கோபு' என்று எழுதிய எலும்புப் பெட்டி 2002-இல் உலகச் செய்தியானது. அது எந்தக் கல்லறையிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. பழம்பொருள் சேகரிப்பாளர் ஒருவரிடம் இருந்தது. அடுத்த ஆண்டே இஸ்ரேல் தொல்பொருள் துறை எழுத்தின் ஒரு பகுதியேனும் போலி என்றது. நீண்ட குற்ற வழக்கு 2012-இல் முடிந்தபோது, போலி செய்தார் என்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படவில்லை என்று உரிமையாளர் விடுவிக்கப்பட்டார். எழுத்து உண்மையானது என்று ஆகிவிடவில்லை என்பதையும் நீதிபதி தெளிவுபடுத்தினார். 1980-இல் தோண்டப்பட்ட தல்பியோத் கல்லறையை 2007-இல் இயேசுவின் குடும்பக் கல்லறை என்று அறிவித்தது, அக்காலத்து யூதரிடையே யோசேப்பு, மரியா, இயேசு ஆகியவை எவ்வளவு சாதாரணப் பெயர்கள் என்பதைப் பொருட்படுத்தாத வேலை. இயேசுவின் உடலைச் சுற்றியதாகச் சொல்லப்படும் டூரின் சவத்துணியை 1988-இல் மூன்று ஆய்வகங்கள் தனித்தனியே சோதித்து 1260-க்கும் 1390-க்கும் இடைப்பட்டது என்றன. எங்கே, எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்று சொல்ல முடியாத பொருளைச் சான்றாக ஏற்பதில்லை என்ற ஒரே விதியைப் பிடித்துக்கொண்டால் இந்த ஆரவாரங்களில் பாதி அடங்கிவிடும்.

பாப்பிரஸ் ஏடுகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். மான்செஸ்டர் நகரின் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் உள்ள, உள்ளங்கைக்குள் அடங்கும் யோவான் நற்செய்தித் துண்டு, பிலாத்துவின் முன் இயேசு நிற்கும் காட்சியின் சில வரிகளைக் கொண்டது. 1935-இல் வெளியானதிலிருந்து அதைக் கி.பி. 125 என்று பலரும் அடித்துச் சொல்லிவந்தார்கள். கையெழுத்தின் வடிவத்தை மட்டும் வைத்து அவ்வளவு குறுகிய காலத்தைக் குறிக்க முடியாது, இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியாகவோ மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கமாகவோகூட இருக்கலாம் என்று 2005 முதல் எழுந்த மறுப்பு நியாயமானது. முதல் நூற்றாண்டு மாற்கு நற்செய்தித் துண்டு கிடைத்துவிட்டது என்று 2012-இல் மேடையில் அறிவிக்கப்பட்ட ஏடு, 2018-இல் முறையாக வெளியானபோது இரண்டாம் நூற்றாண்டின் இறுதியையோ மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்தது என்று தெரிந்தது.

கிறிஸ்தவர்கள் தாமே விட்டுச்சென்ற பொருள்கள் இந்தக் காலத்திலிருந்துதான் பேசத் தொடங்குகின்றன. இன்றைய துருக்கியின் பிரிகியா பகுதியில் 1883-இல் கிடைத்த அபெர்கியு என்பவரின் கல்லறைக் கல்வெட்டு, அவர் உரோமுக்கும் யூப்ரட்டீசுக்கு அப்பாலும் பயணம் செய்ததையும், எங்கும் நம்பிக்கை தம்முன் மீனையும் அப்பத்தையும் திராட்சை இரசத்தையும் வைத்ததையும் பாட்டாகச் சொல்கிறது. உள்ளிருப்பவருக்கு மட்டும் விளங்கும் குறிப்புமொழி அது. 216ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இதன் வரிகளை எடுத்தாள்வதால், இது அதற்கு முற்பட்டது. உரோமில் பாலத்தீன் குன்றின் சுவரொன்றில், கழுதைத் தலையோடு சிலுவையில் தொங்கும் உருவத்தை ஒருவன் வணங்குவதாகக் கீறி, 'அலெக்சமேனு தன் கடவுளை வணங்குகிறான்' என்று கிரேக்கத்தில் எழுதிய கேலிச் சித்திரம் 1857-இல் கிடைத்தது. ஏறக்குறைய 200-ஐச் சேர்ந்த இது, சிலுவையில் அறையுண்ட இயேசுவைக் காட்டும் மிகப் பழைய படங்களுள் ஒன்று. பகைவர் வரைந்ததாக அது அமைந்தது வரலாற்றின் விளையாட்டு.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக நான் மதிப்பது சிரியாவின் தூரா-யூரோப்பசு. யூப்ரட்டீஸ் கரையில் இருந்த அந்தக் காவல் நகரத்தைப் பாரசீகர் முற்றுகையிட்டபோது, மதிலை வலுப்படுத்த உரோமப் படையினர் மதிலோரத் தெருவின் வீடுகளுக்குள் மண்ணைக் கொட்டி மூடினார்கள். 256-இல் நகரம் வீழ்ந்து கைவிடப்பட்டது. அந்த மண் காப்பாற்றிய வீடுகளுள் ஒன்று, 240 அளவில் உட்சுவர் இடித்துக் கூடுமிடமாக மாற்றப்பட்ட கிறிஸ்தவ வழிபாட்டு வீடு. ஓர் அறையில் திருமுழுக்குத் தொட்டியும் அதைச் சுற்றி ஓவியங்களும் இருந்தன. ஆடு சுமக்கும் மேய்ப்பர், படுக்கையைத் தூக்கி நடக்கும் முடக்குவாதக்காரர், நீர்மேல் நடக்கும் இயேசுவும் பேதுருவும், விளக்கேந்திய பெண்கள். 1931-32-இல் தோண்டியெடுக்கப்பட்ட அவை இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உள்ளன. அதே தெருவில் ஓவியங்கள் நிறைந்த யூதத் தொழுகைக்கூடம், மித்ராஸ் கோயில் என மூன்று சமயத்தார் நடந்துபோகும் தொலைவில் வழிபட்டிருக்கிறார்கள். 2005-இல் இஸ்ரேலின் மெகிதோ சிறை வளாகத்தில் கிடைத்த கற்பதிப்புத் தளமும் ஏறக்குறைய இதே காலத்தது என்கிறார்கள், காலத்தில் சிலருக்கு ஐயம் உண்டு. உரோமப் படையின் நூற்றுவர் தலைவர் ஒருவர் தளம் அமைக்கச் செலவிட்டதையும், அகெப்து என்ற பெண் 'கடவுளாகிய இயேசு கிறிஸ்துவுக்கு' மேசை அளித்ததையும் அதன் கிரேக்க எழுத்துகள் பதிவு செய்கின்றன. இயேசுவைக் கடவுள் ஆக்கியது 325-இல் நடந்த ஆயர்களின் நிக்கேயா சங்கம் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இந்தத் தளத்தையும், அதற்கும் நூறாண்டு முந்தைய பிளினியின் கடிதத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

புனிதக் கல்லறைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். எருசலேமின் திருக்கல்லறை ஆலயம் நிற்கும் இடம் பழைய கற்சுரங்கம். இயேசுவின் காலத்தில் அது நகர மதிலுக்கு வெளியே இருந்தது, அங்கே முதல் நூற்றாண்டு வகைக் குகைக் கல்லறைகளும் உள்ளன. 2016-இல் ஏதென்சு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் உட்கல்லறையைத் திறந்து எடுத்த சாந்து ஏறக்குறைய 345ஆம் ஆண்டைக் காட்டியது. உரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில் அடையாளம் காட்டிய இடம் இதுவே என்பது அதனால் உறுதியாகிறது. அந்த அடையாளம் சரியா என்பது உறுதியாகவில்லை, ஆயினும் போட்டியிடத்தக்க வேறு இடம் இல்லை. வத்திக்கான் பேராலயத்தின் அடியில் 1940-களில் வெளிப்பட்ட சிறு நினைவுமாடம் 160 அளவில் எழுந்தது. பேதுரு அங்கே அடக்கமானதாக அப்போதே நம்பினார்கள் என்பதற்கு அது சான்று. எலும்புகள் அவருடையவை என்று 1968-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அறிவித்ததைத் தொல்லியலாளர் பலர் ஏற்கவில்லை.

தமிழில் இந்தக் கேள்வி வரும்போது, இயேசுவின் சீடர் தோமா இந்தியாவுக்கு வந்தாரா என்ற துணைக்கேள்வியும் உடன் வரும். முதல் நூற்றாண்டிலேயே செங்கடல் வழியே முசிறிக்குக் கப்பல்கள் வந்துபோயின; அந்த வணிகத்தை இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒப்பந்தம் ஒன்று விரிவாகக் காட்டுகிறது. ஆகவே ஒருவர் வந்திருக்க முடியும். தோமா இந்தியாவுக்கு வந்ததாகச் சொல்லும் மிகப் பழைய நூல், தோமாவின் பணிகள், மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிரியாப் பகுதியில் எழுதப்பட்டது. அது குறிப்பிடும் கொண்டபாரன் என்ற அரசன் மெய்யாகவே ஆட்சி செய்தவன் என்பது காசுகளாலும் தக்த்-இ-பாகி கல்வெட்டாலும் தெரியும், ஆனால் அவன் ஆண்டது வடமேற்கே காந்தாரப் பகுதியை. பரங்கிமலையில் போர்த்துகீசியர் 1547-இல் கண்டெடுத்த சிலுவைக் கல்லைச் சுற்றியுள்ள எழுத்து பகலவி, அதாவது இடைக்காலப் பாரசீகம். அது தோமாவின் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது. தென்னிந்தியக் கிறிஸ்தவர்களைப் பற்றிய உறுதியான குறிப்பு ஆறாம் நூற்றாண்டில் கடற்பயணி காஸ்மாஸ் மலபாரிலும் இலங்கையிலும் கிறிஸ்தவர்கள் இருப்பதாக எழுதியதிலும், உறுதியான உள்நாட்டு ஆவணம் 849-இல் வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்துக் கிறிஸ்தவ ஆலயமான தரிசாப்பள்ளிக்கு நிலமும் உரிமைகளும் அளித்த செப்பேட்டிலும் தொடங்குகின்றன.